யார் குணம் வரும்

பிறந்த பிள்ளைக்கு முதலில் சர்க்கரைத் தண்ணீர் வைப்பவரின் குணமே அதற்கு வரும் என்பது திருவிடந்தை எல்லம்மாள் வீட்டு நம்பிக்கை. செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் மருமகள் தமிழ்ச்செல்விக்குப் பெண் பிறந்ததுமே, எல்லம்மாள் தன் தம்பி ராஜாராமைச் சங்கும் கையுமாகக் கூட்டிவந்துவிட்டாள். தமிழ்ச்செல்விக்கோ தன் பாலைத் தவிர வேறொன்றும் பிள்ளையின் வாயில் படக்கூடாது. வேண்டாம் என்றால் அத்தை கேட்கமாட்டாள்.

"தாராளமா வைங்க சித்தப்பா," என்றாள். "உங்கள மாதிரியே பாயசம் பத்தலன்னு பந்தியில எகிறட்டும்."

எல்லம்மாள் சங்கைப் பிடுங்கினாள். "அதுவும் மெய்தான். குடு, நானே வைக்கிறேன்."

"உன் வாயி வந்தா இவள எவன்க்கா கட்டிப்பான்?" என்றார் ராஜாராம்.

"என் வாய்க்கு இன்னாடா? நீ சீட்டாடிகினு திரிஞ்சப்போ இந்த வாயிதான் உனக்குப் பொண்ணு கேட்டுது."

பேச்சு வளர்ந்தது. தமிழ்ச்செல்வி பிள்ளையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள்.

இருவரும் ஓய்ந்து பார்த்தபோது, பிள்ளை வயிறு முட்டக் குடித்துவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தது. தொண்டை வறண்டுபோன ராஜாராம் சர்க்கரைத் தண்ணீரைத் தானே குடித்தார்.

"இப்போ யாரு குணம்க்கா வரும்?"

"இவ குணந்தான்," என்றாள் எல்லம்மாள். "ஒருத்தியோடவே பேஜாரு. இனிமே வூட்டுல ரெண்டு."