உசுரே என்றால் நூரிஸ்

கரண்ட் புகார் வாங்குகிற ஆபீஸிலேயே கரண்ட் போய்விட்டது. ஜூலை மாத நண்பகல். மின்விசிறிகள் முனகிக்கொண்டே நின்றன. யாரோ பழக்கதோஷத்தில் "போச்சுடா!" என்று கத்தினார்கள். மூலையில் இருந்த இன்வெர்ட்டர் டெலிபோன்களுக்கு மட்டும் உயிர் கொடுத்தது. அதுதான் கொடுமை. விசிறி ஓடாவிட்டாலும் திட்டு மட்டும் தடையில்லாமல் வந்துகொண்டிருந்தது. தீவு நாட்டு ஊரான சான் பிரான்சிஸ்கோ தெ மக்கோரிஸின் வடபாதி முழுக்க டிரான்ஸ்பார்மர் வெடித்து இருண்டுகிடந்ததால், பாதி ஊர் ஒரே நேரத்தில் கூப்பிட்டுக்கொண்டிருந்தது.

"நாம யார்கிட்ட புகார் சொல்றது?" என்று ஜன்னலோர மேஜையிலிருந்து கேட்டான் கொன்ஃபெசோர். கம்பம் ஏறும் ஆட்களை எங்கே அனுப்புவது என்று வயர்லெஸ்ஸில் சொல்கிற வேலை அவனுடையது.

"எனக்கு போன் போடு ராசா, நான் எழுதிக்கறேன்" என்றாள் ஃபியோர்தலிசா. சொல்லும்போதே அவள் தோளுக்கும் தாடைக்கும் நடுவில் இன்னொரு ஆள் கத்திக்கொண்டிருந்தான். ஃபிரிட்ஜில் இருக்கும் கோழி நாறுகிறதாம். நேரில் வந்து ஆபீஸைக் கொளுத்தப்போகிறானாம்.

"வாங்க கண்ணு. வரும்போது அந்தக் கோழியையும் கொண்டு வந்துடுங்க. அந்த நெருப்புலயே சுட்டுத் தின்னுடலாம்."

 அவன் சிரித்த சிரிப்பு பக்கத்து மேஜை வரைக்கும் கேட்டது. போனை வைக்கும்போது அவளுக்கு முட்டிவலி எப்படி இருக்கிறது என்று விசாரித்துவிட்டுத்தான் வைத்தான். அவனுக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? போன கோடையிலும் இப்படித்தான் கொளுத்தக் கிளம்பியிருப்பான்.

கூப்பிடுகிறவர்களுக்கு எல்லாம் கண்ணு. அது பொது. ஆனால் கூட வேலை பார்ப்பவர்களுக்கு ஃபியோர்தலிசா வைத்திருந்த சொற்கள் வேறு கணக்கு. கொன்ஃபெசோர் ராசா. கூட்டிப் பெருக்க வருகிற அம்மாள் ராசாத்தி. விறைப்பாக நடந்து வரும் மேனேஜர்கூடச் செல்லம்தான். முதல் நாள் அவர் முகம் போன போக்கைப் பார்த்துக் கொன்ஃபெசோர் மேஜைக்கு அடியில் குனிந்துகொண்டான். ஆனால் அடுத்த மாதம் அவள் காய்ச்சலில் வராதபோது, மேனேஜரே வெளியே வந்து அறையை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு உள்ளே போனார். ஒருவருக்குக் கொடுத்த சொல்லை அவள் இன்னொருவருக்குக் கொடுத்ததே கிடையாது. அதெல்லாம் பல் துலக்கும் பிரஷ் மாதிரி, பகிர்ந்துகொள்ளக்கூடாது என்பாள். சொல்லைத் தேடிக்கொண்டும் போகமாட்டாள். தானாக வாயில் வந்து உட்காரவேண்டும்.

உசுரே என்றால் நூரிஸ்.

நூரிஸ் அடுத்த நாற்காலியில் இருந்தவள். இருவரும் ஒரே வருஷம் வேலைக்குச் சேர்ந்து, ஒரே பாத்திரத்தில் சோறும் பயறும் தின்று, ஒருத்தி பிரசவத்துக்குப் போனால் இன்னொருத்தி இரண்டு பேர் திட்டையும் வாங்கிக்கொண்டு காலத்தை ஓட்டியவர்கள். மகன் விசாவுக்குக் காகிதம் போட்டுக் கூப்பிட்டதால் போன வருஷம் நூரிஸ் நியூயார்க் போய்விட்டாள். பிராங்ஸில் ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் பாத்திரம் கழுவுகிற வேலை. மத்தியான இடைவேளையில், பின்பக்கம் குப்பைத் தொட்டிகள் நிற்கிற இடத்திலிருந்து தினமும் கூப்பிடுவாள். ஃபியோர்தலிசா செல்போனைக் காபி பிளாஸ்க்கின்மேல் சாய்த்து ஸ்பீக்கரில் போடுவாள். அறை முழுக்க நூரிஸோடு பேசும்.

அங்கே போன புதிதில் நூரிஸ், கூடப் பாத்திரம் கழுவுகிறவளைத் தங்கம் என்று கூப்பிட்டிருக்கிறாள். மறுநாள் அவளை ஓர் அறையில் உட்காரவைத்து வகுப்பு எடுத்தார்கள். "கூட வேலை பாக்குறவங்களைப் பேர் சொல்லித்தான் கூப்பிடணுமாம்டி. அந்தப் பொண்ணுக்கு நான் என்னமோ பண்ணிடுவேன்னு பயமாம்" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். இவர்களும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். அவள் சிரிப்பு மட்டும் கடைசியில் கொஞ்சம் தடுக்கியது. "அவங்க மேலயும் தப்பில்ல. அவங்க வழக்கம் அது. சரி, இப்ப நீ சொல்லு. கேட்டுட்டு உள்ள போறேன்" என்றாள். "போய்ட்டு வா உசுரே" என்றாள் ஃபியோர்தலிசா. அன்றிலிருந்து ஒவ்வொரு மத்தியானமும் பேச்சு அப்படித்தான் முடிந்தது.

நூரிஸின் நாற்காலிக்கு வந்தவள் தெயானிரா. மலைப்பக்கத்துப் பெண். அப்பா முதல் பள்ளிக்கூடத்து வாத்தியார் வரை எல்லோரும் முழுப்பெயர் சொல்லியே கூப்பிட்டு வளர்ந்தவள். தலை குனிந்து வேலை பார்ப்பாள், கூப்பிடுகிறவர்களை "ஐயா, அம்மா" என்பாள், சாப்பாட்டு நேரத்தில் சுவரைப் பார்த்து உட்காருவாள். ஃபியோர்தலிசாவுக்கு அவள்மேல் கோபம் ஒன்றும் இல்லை. ஆனால் அந்த நாற்காலி கிரீச்சிடும்போதெல்லாம் நூரிஸ்தான் திரும்புகிறாள் என்று நினைத்துப் பார்த்து ஏமாறுவாள். அதனால் அந்தப் பெண்ணுக்குச் சொல் எதுவும் வரவில்லை. "ஏம்மா பொண்ணே" என்று ஓடிக்கொண்டிருந்தது.

அன்றைக்கு அந்தப் புழுக்கத்திலும் நூரிஸ் வழக்கமான நேரத்தில் கூப்பிட்டாள். பிளாஸ்க்கில் சாய்ந்திருந்த போனில் அவள் மருமகளைப் பற்றி எதையோ சொல்லிக்கொண்டிருக்க, ஃபியோர்தலிசா இரண்டு காதிலும் இரண்டு ரிசீவரை வைத்துக்கொண்டு திணறினாள். ஒன்றில் ஒரு பெண் அழுதுகொண்டிருந்தாள். வீட்டில் மூச்சுத்திணறல்காரர் இருக்கிறார், மிஷின் நின்றுவிட்டது. தெயானிரா எழுந்து வந்து, அந்த ரிசீவரைத் தன் கைக்கு வாங்கினாள். முகவரியைக் கேட்டாள். லைனைத் துண்டிக்காமல் ரிசீவரை மேஜையில் வைத்துவிட்டு, நேராகக் கொன்ஃபெசோரிடம் போய், எல்லா வேலையையும் விட்டுவிட்டு முதலில் அந்தத் தெருவுக்கு ஜெனரேட்டர் வண்டியை அனுப்பச் சொன்னாள். வண்டி போய்ச் சேர்ந்ததாகச் செய்தி வரும்வரை அந்தப் பெண்ணோடு லைனிலேயே இருந்தாள். அப்புறம் வந்து ஃபியோர்தலிசாவின் மேஜையில் ஒரு சின்னக் கோப்பைக் காபியை வைத்தாள்.

ஃபியோர்தலிசா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "நீ மட்டும் இல்லன்னா இன்னைக்கு நான் செத்தேன், உசுரே" என்றாள்.

மருமகள் கதை பாதியில் நின்றது. கொன்ஃபெசோர் வயர்லெஸ்ஸில் பேசிக்கொண்டிருந்ததை நிறுத்தினான். தெயானிராவின் முகம் சிவந்தது. போனிலிருந்து, தூரத்தில் ஏதோ வண்டி பின்வாங்குகிற பீப் பீப் சத்தம் மட்டும் கேட்டது.

"சரி, எனக்கு நேரமாச்சு" என்றாள் நூரிஸ். அன்றைக்கு வழக்கமான சொல்லைக் கேட்காமலே வைத்துவிட்டாள்.

மறுநாள் நூரிஸ் கூப்பிடவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. ஃபியோர்தலிசா கூப்பிட்டால் அடித்துக்கொண்டே இருந்தது. நீளமாக ஒரு குரல்செய்தி அனுப்பினாள். பதிலுக்கு "வேலை" என்று ஒரே வார்த்தை வந்தது. வாய் தவறிவிட்டது என்று எழுதத் தொடங்கி நாலு தடவை அழித்தாள். அதில்தான் வம்பே. வாய் தவறவில்லை. எத்தனையோ வருஷமாக ஒரு சொல்லை ஓர் ஆளுக்கே கொடுத்துப் பழகிய வாய் அவ்வளவு லேசில் தவறாது. அந்தக் காபி வந்த நிமிஷத்தில், பக்கத்தில் ஓர் ஆள் இருக்கிறது என்கிற நிம்மதியில், உள்ளே இருந்தேதான் வந்தது. கண்காணாத ஊரில் குப்பைத்தொட்டி ஓரம் நின்று அந்த ஒரு சொல்லுக்காகக் காத்திருக்கிறவளிடம் இதை எப்படிச் சொல்வது? ஃபியோர்தலிசாவுக்குத் தன்மேலேயே வெறுப்பு வந்தது.

வெறுப்பில் வாயைக் கட்டிவிட்டாள். யாருக்கும் ஒன்றும் கிடையாது. "கொன்ஃபெசோர், மூணாம் நம்பர் வண்டி எங்க?" என்று கேட்டதும் அவன் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டான்.

"அக்கா, நான் என்ன தப்பு பண்ணேன்?"

"ஒன்னும் இல்ல. வண்டி எங்க?"

"பேர் சொல்லிக் கூப்பிடுறீங்க. எங்கம்மா என்னை அடிக்கும்போதுதான் பேர் சொல்லுவாங்க."

அவள் சிரிக்கவில்லை. கூட்டுகிற அம்மாள் அவள் மேஜையைச் சுற்றிக்கொண்டு போனாள். மேனேஜர், அவள் தன் பெயரை மரியாதையோடு சொன்னதைக் கேட்டு, வேலை போகப்போகிறதோ என்று பயந்தவர் மாதிரி கதவைச் சாத்திக்கொண்டார். புகார்க்காரர்கள் கத்தினார்கள், அவள் குறித்துக்கொண்டாள், வைத்தாள். ஆபீஸ் என்றால் உலகத்தில் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்போல. அந்த அறைக்குத்தான் அது பழக்கமில்லை.

ஒரு நாள் காபி மூலையில் தெயானிரா அவள் எதிரே வந்து நின்றாள்.

"நான் வேற ஷிப்ட் கேட்டிருக்கேன், அக்கா."

"எதுக்கு?"

"அந்தச் சொல் என்னோடது இல்லன்னு எனக்குத் தெரியும். அவங்களோடது." பெண் தன் கைகளையே பார்த்துக்கொண்டாள். "ஆனா பொய் சொல்லமாட்டேன். அந்த ஒரு நிமிஷம் நல்லா இருந்துச்சு. வீட்டுக்குப் போற வழியெல்லாம் அதையே நெனச்சுக்கிட்டுப் போனேன். அதான் உங்க முன்னாடி உக்கார முடியல."

 இந்தப் பெண் சுவரைப் பார்த்துச் சாப்பிட்ட நாளெல்லாம் தான் ஒரு சொல் தேடவில்லையே என்று ஃபியோர்தலிசாவுக்குச் சுருக்கென்றது. "ஷிப்ட் எல்லாம் மாத்தவேணாம்" என்று மட்டும் சொன்னாள். அதற்குமேல் பேசினால் அழுதுவிடுவாள்.

அடுத்த திங்கட்கிழமை மத்தியானம் தெயானிராவின் லைன் அடித்தது. ஃபியோர்தலிசாவுக்கு இந்தப் பக்கத்துப் பேச்சுதான் கேட்டது.

"புகார் பிரிவு, சொல்லுங்கம்மா… கரண்ட் இல்லையா? எந்த ஏரியா?" பேனா நின்றது. "பிராங்ஸா?"

அறையில் எல்லோரும் அவரவர் மேஜையையே உற்றுப் பார்த்தார்கள்.

"எப்பலேர்ந்து இல்ல?… ரெண்டு வாரமாச்சா." தெயானிரா முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தாள். காது நுனி சிவந்திருந்தது. மனப்பாடம் செய்ததை ஒப்பிப்பதுபோல ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னாள். "லைன்லயே இருங்க, தங்கம். இப்பவே ஆள் அனுப்புறேன்."

கொன்ஃபெசோர் வாயைப் பொத்திக்கொண்டான். தெயானிரா ரிசீவரை நீட்டினாள். "அக்கா, இது உங்களுக்கு."

ஃபியோர்தலிசா வாங்கிக் காதில் வைத்தாள். எதுவும் வரவில்லை. 

"புகார் எழுதுற ஆள்தானே?" என்றாள் நூரிஸ். "நான் கேக்குறதுக்கு ஒரே ஒரு பதில் சொல்லு. அன்னைக்கு வாய் தவறித்தானே வந்துச்சு? ஆமான்னு சொல்லிடு. நான் நம்பிக்கறேன்."

எவ்வளவு லேசான பொய். வண்டி கிளம்பிவிட்டது, இதோ வந்துகொண்டே இருக்கிறது என்று தினமும் நூறு பேருக்குச் சொல்கிற வாய்தான் அவளுடையது. நூரிஸும் அதே பொய்யை அதே நாற்காலியில் இருந்து சொன்னவள். அதனால்தான் சொல்ல முடியவில்லை.

"இல்ல, நூரிஸ்."

பெயரைச் சொன்னதும் இருவருக்குமே சுட்டது. மறுமுனையில் மூக்கை உறிஞ்சுகிற சத்தம்.

"நல்ல பொண்ணா?"

"நல்ல பொண்ணு."

"தங்கம்னு சொன்னா. வாயில ஒட்டவே இல்ல. கல்லைக் கடிச்ச மாதிரி சொன்னா."

"பழகிடுவா."

"பழகட்டும்." நூரிஸ் குரலைத் தாழ்த்தினாள். "இதோ பாருடி. அவளுக்கு வேற ஒன்னு தேடு. நல்லதாத் தேடு. உக்காந்து யோசிச்சுத் தேடு. ஆனா என்னுத எடுத்துக் குடுக்காத. பெரிய மனசு அது இதுன்னு எனக்கு இப்ப ஒன்னும் இல்ல. எனக்கு அது வேணும். இங்க வேற யாரும் எனக்குச் செல்லப்பேர் ஒன்னும் வெக்கல."

"சரி."

"இப்ப சொல்லு. உள்ள போகணும்."

மற்ற லைன்கள் எல்லாம் அடித்துக்கொண்டிருந்தன. தெயானிரா நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு தன்னுடையதையும் ஃபியோர்தலிசாவுடையதையும் மாற்றி மாற்றி எடுத்தாள். ஐயா, அம்மா, ஐயா. ஃபியோர்தலிசா ரிசீவரை இரண்டு கையாலும் பொத்தி, வாயை அதன்மேல் வைத்து, அறையில் ஒருவருக்கும் கேட்காதபடி சொன்னாள்.

 இரும்புக் கதவு ஒன்று திறந்து மூடியது. தண்ணீர் பீறிடும் சத்தமும் தட்டுகள் ஒன்றோடொன்று இடிக்கிற சத்தமும் வந்தன. யாரோ தட்டையான குரலில் "நூரிஸ்" என்று கூப்பிட்டார்கள். அவள் "வர்றேன்" என்றாள். குரல் துணிக்குள்ளிருந்து வருவதுபோல அமுங்கி இருந்தது. போனை அணைக்காமல் ஏப்ரன் பையில் போட்டுக்கொண்டுதான் வேலைக்குப் போயிருந்தாள். ஃபியோர்தலிசா ரிசீவரை வைக்கவில்லை. காதோடு அழுத்திக்கொண்டு, அங்கே தட்டுகள் ஒவ்வொன்றாக அடுக்கப்படுவதைக் கேட்டபடி உட்கார்ந்திருந்தாள்.