பச்சை நூல் கட்டிய டஜன்

வேலம்பாளையத்துப் பனியன் கம்பெனி ஒன்றில் 1966-இல் செக்கிங் வேலைக்கு ஆறு பெண்கள் இருந்தார்கள். பனியனை இடது கையில் மாட்டி, ஜன்னல் வெளிச்சத்தில் விரித்து ஓட்டை பார்க்க வேண்டும். பன்னிரண்டு தேறியதும் அவரவர் நிற நூலால் கட்ட வேண்டும். வள்ளியாத்தாளுக்குச் சிவப்பு. பக்கத்தில் உட்காரும் மயிலாளுக்குப் பச்சை.

மயிலாளுக்கு அப்போது ஏழாம் மாதம். தெரிந்தால் அன்றைக்கே நிறுத்திவிடுவார்கள். அப்படிப் போனவளை மறுபடி எடுத்ததில்லை. கணவன் நஞ்சப்பன் கால் ஒடிந்து வீட்டில் கிடந்தான். அவள் சேலையைத் தளரக் கட்டி வந்தாள்.

“ஊத்துக்குளி வெண்ணெயாத் திங்கறயாட்ட இருக்குது, ஊதீட்டே போறியே மயிலா?” என்பாள் எதிரில் இருக்கும் பெரியாத்தாள்.

“ஆமாங்க, தெனம் ஒரு படி.”

மதியத்துக்கு மேல் மயிலாளுக்குத் தலை சுற்றும். வள்ளியாத்தாள் தன் வேலைக்கு நடுவே அவளுடையதையும் பார்த்து, பச்சை நூலால் கட்டி, சத்தமில்லாமல் அவள் பக்கம் தள்ளுவாள். பார்க்க நேரம் போதாத நாளில் மேலாகப் புரட்டிவிட்டும் கட்டினாள்.

ஒரு திங்கட்கிழமை ஈரோட்டுக் கடையிலிருந்து ஒரு டஜன் திரும்பி வந்தது. நான்கில் ஓட்டை. மேஸ்திரி கிட்டுசாமி கட்டைத் தூக்கிப் பிடித்தார்.

“பச்சை நூலு யாருது?”

மயிலாள் எப்போதும் ஒற்றை முடிச்சுத்தான் போடுவாள். இதில் இரண்டு முடிச்சு. தான் கட்டியது என்று வள்ளியாத்தாளுக்குத் தெரிந்தது.

“என்னுதுங்க,” என்று மயிலாள் எழுந்தாள். எழுந்தபோது வயிற்றைச் சேலை மறைக்கவில்லை.

மேஸ்திரி அவளை மேலும் கீழும் பார்த்தார். “ஏனம்மிணி, நீ ஓட்டைய மட்டுந்தான் மறைச்சீன்னு பாத்தேன். கெளம்பு, ஊட்டுக்குப் போ.”

வள்ளியாத்தாள் குனிந்து அடுத்த பனியனைக் கையில் மாட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை அவள் மயிலாள் வீட்டுக்குப் போனாள். மயிலாள் வாசலில் கூலிக்குப் பித்தளைக் குடங்களைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். வயிறு இடித்ததால் பக்கவாட்டில் உட்கார்ந்திருந்தாள்.

“வாங்கக்கா. எங்கண்ணுதானுங்க மங்கிப்போச்சு. நீங்க அத்தனை பாடுபட்டீங்க, நான் பாத்த கட்டுல கோட்டை உட்டுட்டேன். பக்கத்துல உக்கார்ற உங்களுக்கும் கெட்ட பேரு வந்திருக்குமுங்க. மனசுல வெச்சுக்காதீங்கக்கா.”

வழிநெடுகச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்த வாக்கியம் வள்ளியாத்தாளின் வாய்க்குள்ளேயே நின்றது.

“உடு கண்ணு,” என்றாள். “நான் ஒண்ணும் நெனச்சுக்கலை.”