டன்மோர் பதிவில் விட்டுப்போன பதினொரு நொடி

1974 ஆகஸ்ட் பதினேழாம் தேதி, சனிக்கிழமை மதியம், டன்மோர் சந்தைத் திடலில் ஸ்லோ ஃபெர்ரி குழு வாசித்த கச்சேரியின் பதிவை எமரி திபோ தன் வீட்டில் ஓட்டினால் நாற்பத்தேழு பேரும் ஒரு நாயும் வருவார்கள். சமையலறை வழியாகச் சேற்றுக் காலோடுதான் வருவார்கள். மைக்கைச் சுற்றி அன்று திடலில் நின்ற அதே கூட்டம்; அன்று மழை. வெர்மான்ட் மலைப்பக்கம் ஹார்லோ ஊரில் இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எந்தப் பதிவு உசத்தி என்று அடித்துக்கொள்ளவே அவர்களுக்கு நேரம் போதவில்லை. ஸ்லோ ஃபெர்ரி ஒரு பாட்டைப் பிடித்தால் அரை மணி நேரம் விடாது, நேற்று வாசித்த மாதிரி இன்று வாசிக்காது, அதனால் பதிவுக்குப் பதிவு வருகிற கூட்டமும் வேறு. மர மில்லில் வேலை பார்த்த லைல் பர்பாங்க் 1977 பிங்ஹாம்டன் பதிவுதான் சிகரம் என்பான். அதை ஓட்டினால் அறுபத்தொரு பேர்.

"வந்து என்னடா பிரயோஜனம்? பாதிப் பேரு உன் சோபாவுல சாஞ்சு கதையடிக்கிறானுங்க. என் ஆளுங்க ஆடுறாங்கடா, நாய் உட்பட" என்பான் எமரி.

"ஆடுறதோட நிறுத்துறானுங்களா? போன ஞாயித்துக்கிழமை சுட்டு வச்ச ரெண்டு ஆப்பிள் பை காலி. செடார் சீஸ்ல ஒரு துணுக்கு கூட எனக்கு வைக்கல" என்பான் லைல்.

எமரிக்கு டன்மோர் பதிவின் மீது இருந்த பைத்தியத்துக்குக் காரணம் இசை மட்டுமில்லை. அதைப் பதிந்தவனே அவன்தான். அன்று தரைதுடைக்கும் கம்பில் மைக்கைக் கட்டி நிறுத்திவிட்டு, அக்கம்பக்கத்தில் தும்மினவனைக்கூட "ஷ்ஷ்!" என்று அடக்கிக்கொண்டிருந்தான். கச்சேரி பதிகிறவர்களுக்கு அது வேதம்: மைக் பக்கத்தில் பேசக்கூடாது, கை தட்டக்கூடாது. அந்தக் கறாரிலும் மனசு பொங்கி வழிந்ததால், ஒரு கேசட் அட்டையின் பின்பக்கம் "என்னைக் கட்டிக்கிறாயா?" என்று எழுதி, பக்கத்தில் நின்ற ரோவீனா செட்லியிடம் நீட்டினான். அவள் படித்தாள், வாயைத் திறந்தாள். அந்த நேரம் பார்த்து நாற்பத்தைந்து நிமிடம் முடிந்து கேசட்டின் ஒரு பக்கம் தீர்ந்தது. எமரி குனிந்து அதைத் திருப்பிப் போட்டு நிமிர்வதற்குப் பதினொரு நொடி ஆயிற்று. நிமிர்ந்து பார்த்தால் ரோவீனா கையைக் கட்டிக்கொண்டு மேடையைப் பார்த்து நின்றாள். காரில் திரும்பும்போது என்ன சொன்னாய் என்று கேட்டான். "சொல்லிட்டேன். இன்னொரு தடவை சொல்ல மாட்டேன்" என்றாள்.

இருபத்தைந்து வருடம் அவள் சொல்லவில்லை. ஊர்த் தபால் நிலையத்தில் வேலை பார்த்தாள். வெள்ளிக்கிழமைதோறும் எமரி வீட்டில் சாப்பிட்டாள். சாப்பிட்டதும் பாலத்துக்கு அந்தப்பக்கம் இருக்கும் தன் வீட்டுக்கு நடந்து போனாள். ஞாயிற்றுக்கிழமை எமரி பதிவை ஓட்டுவான். வருகிற நாற்பத்தேழு பேரில் இளவயது எமரியும் இளவயது ரோவீனாவும் உண்டு. நாற்பத்தைந்தாவது நிமிடத்தில் அவள் வாயைத் திறப்பாள். உடனே கூட்டம் மொத்தமும் மறைந்துவிடும். அவர்கள் பிடித்திருந்த முள்கரண்டிகள் தரையில் கலகலவென்று விழும். பதினொரு நொடி கழித்து எல்லோரும் திரும்பி வரும்போது அவள் கையைக் கட்டியிருப்பாள். கூட்டத்தில் சிவப்பு மழைக்கோட்டுக்காரன் ஒருவனும் மைக் வைத்திருந்தான். அவன் தன் கேசட்டை வேறு நிமிடத்தில்தானே திருப்பியிருப்பான்? அவனிடமே கேட்டுப் பார்த்தான். அவன் இன்னொரு துண்டு ஆப்பிள் பையை வெட்டி வாயில் போட்டுக்கொண்டான்.

ஆகவே எமரி நாடெங்கும் இருந்த பதிவுக்காரர்களுக்கு, அவர்கள் வழக்கப்படி, வெற்றுக் கேசட்டும் திருப்பி அனுப்பத் தபால்தலையும் வைத்துக் கடிதம் எழுதினான். ஒவ்வொரு உறையையும் எடைபோட்டவள் ரோவீனாதான். "இன்னும் கிடைக்கலையா? தேடு, தேடு" என்று முத்திரையை ஓங்கிக் குத்துவாள். 1999 ஏப்ரலில், சாலையெல்லாம் சேறாகிக் கிடந்தபோது, ஒஹையோவிலிருந்து ஒரு பல் மருத்துவரின் உறை கேசட்டோடு வந்தது. சிவப்புக் கோட்டுக்காரர் அவர்தான். ஆறு நிமிடம் தாமதமாகப் பதிய ஆரம்பித்ததாக வருத்தத்தோடு எழுதியிருந்தார். அப்படியானால் கேசட்டைத் திருப்பியதும் ஆறு நிமிடம் கழித்துத்தான்; எமரி அந்தக் கடிதத்துக்கு முத்தம் கொடுத்தான்.

"ஞாயித்துக்கிழமை நானும் வர்றேன்" என்றாள் ரோவீனா.

வந்தாள், தான் சுட்ட மேப்பிள் பையோடு. எண்ணுவதற்கு லைலும் வந்தான். நூற்றுப் பன்னிரண்டு பேர் வந்து மாடிப்படி வரை நிறைந்ததும் லைல் எண்ணி முடித்து, பிங்ஹாம்டன் கதை முடிந்தது என்று ஒப்புக்கொண்டான். முப்பத்தொன்பதாவது நிமிடத்தில் இளவயது எமரி குனிந்தான். இளவயது ரோவீனா அட்டையைப் பார்த்து, ஊருக்கே கேட்கிற மாதிரி, "சரி! நாளைக்கேன்னாலும் சரி!" என்றாள். குனிந்தவன் தலையைத் தூக்காமலே உதட்டில் விரலை வைத்து, "ஷ்ஷ்ஷ்!" என்றான்.

அன்று நூறு பேரை அடக்கியவனுக்கு இவளையும் அடக்கியது ஞாபகத்தில் தங்கவே இல்லை. கிழட்டு எமரிக்குத் தாங்கவில்லை. வாழ்நாளில் ஒரு மைக்கின் பக்கத்தில் செருமக்கூடச் செய்யாதவன், மேசையில் ஓங்கி அறைந்து கத்தினான்: "டேய் மடையா! கேசட்டு ஓடவே இல்லடா! அவ சொல்றதக் கேளுடா!"

இளவயது எமரி திரும்பவில்லை. இளவயது ரோவீனா திரும்பினாள். நரைத்தாடிக் கிழவனை ஒரு நொடி உற்றுப் பார்த்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டாள்.

"அன்னைக்கு உன்னை அப்பிடியே விட்டுட்டுப் போயிருப்பேன்" என்றாள் பக்கத்தில் இருந்த ரோவீனா. "அந்த நேரம் பார்த்து திடல்ல யாரோ ஒரு தாடிக்காரக் கிழவன் எனக்காகக் கத்தினான். மொகத்தைப் பார்த்தா உன் சாடை. சரி, என்னைக்காவது இந்த ஆளா ஆவான்னு இருந்துட்டேன். இவ்ளோ நாளாகும்னு நெனைக்கல."

எமரி கண்ணைத் துடைத்துக்கொண்டான். "அப்ப இப்பவும் சரிதானா, ரோவீனா?"

ரோவீனா உதட்டில் விரலை வைத்தாள். "ஷ்ஷ்ஷ்! பாட்டு ஓடுது."

ஜூனில் கல்யாணம் நடந்தது. அந்தப் பதிவையே ஓட்டினார்கள். நூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் கேக் போதவில்லை. நாய் மட்டும் இரண்டு தடவை சாப்பிட்டது. ஒஹையோ பதிவின் நகல்கள் நாட்டில் எத்தனை உண்டோ அத்தனையிலும் இப்போது அந்தக் கத்தல் இருக்கிறது. நல்ல பதிவை எவனோ கெடுத்துவிட்டான் என்று ரசிகர்கள் திட்டினார்கள். தரவரிசையில் அது பிங்ஹாம்டனுக்குக் கீழே இறங்கியது. லைல் ஒரு மாதம் தெருவில் விசிலடித்துக்கொண்டு திரிந்தான். எமரி மறுக்கவில்லை. நகல் கேட்டு எழுதுகிறவர்களுக்கு இன்றும் அட்டையில் தன் கையாலேயே எழுதி அனுப்புகிறான்: "ஒலி மிகத் தெளிவு. முப்பத்தொன்பதாவது நிமிடத்தில் ஒரு கிழவன் கத்துகிறான்."