மனுவேலின் வலது கால்

வளையத்துக்கும் தோலுக்கும் இடையே ஈரத்துணியை நுழைத்தபோது மஞ்சளாக நீர் கசிந்தது. ஜெஸ்லின் முகத்தைத் திருப்பி மூச்சு வாங்கிவிட்டு மறுபடி துடைத்தாள். அப்பாவின் வலது கணுக்கால் வீங்கி, அந்தக் கறுப்பு வளையத்தை முக்கால்வாசி விழுங்கியிருந்தது. புண் என்று ஆறு தடவை புகார் எழுதினாள். ஆறு தடவையும் வளையமே பதில் சொன்னது: "உங்கள் ஒத்துழைப்புக்கு நன்றி."

ஜெயில்களெல்லாம் நிரம்பிப்போய், அரசாங்கம் வீடுகளையே ஜெயிலாக்கி ஒரு கம்பெனியிடம் ஒப்படைத்த பிறகு வந்த வளையம் அது. துறைமுகத்துக்காரர்கள் வாங்கிய கடலில் சங்கு குளித்ததற்கு அப்பா மனுவேலுக்கு மூன்று வருடம். வாசல் கேட்டைத் தாண்டக்கூடாது. பதினான்கு மாதம் மிச்சமிருக்க, இன்று விடியலில் செத்துப்போனார்.

கம்பெனி ஆள் கிங்ஸ்டன் வந்தான். இரண்டு தெரு தள்ளி வளர்ந்தவன்தான். முகக்கவசத்துக்குள் ஏதோ மிட்டாயைச் சப்பிக்கொண்டே, டேப்லெட்டை மனுவேலின் முகத்துக்கு நேரே பிடித்தான்.

"இருமுறை கண் சிமிட்டவும்" என்றது அது.

"ஏலே, செத்த மனுசன் சிமிட்டுவாராலே?" என்றாள் பக்கத்து வீட்டு ஞானசௌந்தரி. "ஒன் மொதலாளிய வந்து சிமிட்டச் சொல்லு."

கிங்ஸ்டன் இமையை விரலால் தூக்கிப் பார்த்தான். பிறகு விரலைக் கால்சட்டையில் துடைத்தான்.

"சிஸ்டம் ஏத்துக்கிட மாட்டேங்குதுக்கா. வளையத்த உடையாமக் கழட்டிக் குடுத்தா கேச முடிச்சிருவேன். நாடி இருந்தாத்தான் பூட்டு தொறக்கும். அதனால..." குரலைத் தாழ்த்தினான். "பாதத்த மட்டும் வெட்டி எடுத்திரலாம். கம்பெனியே ஆள் அனுப்பும். ஷூ போட்டுட்டா வெளிய தெரியாது."

"ஆட்டுக்கால் வாங்குத மாதிரில்லா பேசுதான்!" என்றாள் ஞானசௌந்தரி.

"எடுக்கலன்னா?" என்றாள் ஜெஸ்லின்.

"மிச்சத்த ஜாமீன்தாரு கழிக்கணும். நீங்கதானக்கா கையெழுத்துப் போட்டிருக்கீங்க."

ஓர் ஈ அப்பாவின் குதிகாலில் வந்து உட்கார்ந்தது. அவள் அதை ஓட்டினாள். அது விரலில் உட்கார்ந்தது. மறுபடி ஓட்டினாள்.

"முழுசாத்தான் போவாரு."

"யோசிச்சுச் சொல்லுங்கக்கா."

"என் கால்ல போடுலே. பெட்டிய மூடுததுக்குள்ள போடு."

அவன் பையிலிருந்து எடுத்த வளையத்தின் இடுக்கில் யாருடைய முடியோ ஒட்டியிருந்தது. ஜெஸ்லின் நைட்டியைச் சற்றே தூக்கிக் காலை நீட்டினாள். பூட்டு விழுந்ததும், "நல்வரவு" என்றது அது.

மாலையில் கோயிலில் துக்கமணி அடித்தது. பெட்டி கேட்டைத் தாண்டியவுடன் உள்ளேயிருந்து குரல் வந்தது: "மனுவேல், எல்லைக்குள் திரும்பவும்." தூக்கியவர்கள் ஒரு கணம் நின்றார்கள். பிறகு தோள் மாற்றிக்கொண்டு நடந்தார்கள்.

ஞானசௌந்தரி மட்டும் கேட்டுக்கு வெளியே நின்றாள்.

"ஏளா, குழியில மொத மண்ணு மக போடணும்லா?"

ஜெஸ்லின் குனிந்து முற்றத்து மணலை ஒரு பிடி அள்ளினாள். கம்பிகளுக்கு நடுவே முழங்கைவரை கையை வெளியே நீட்டினாள். வளையம் பேசவில்லை. ஞானசௌந்தரி முந்தானையை விரித்துப் பிடித்தாள். மணல் ஈரமாக இருந்ததால் உள்ளங்கையில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டது. இன்னொரு கையையும் வெளியே நீட்டி, அதையும் தட்டித் தட்டி உதிர்த்தாள்.