எண்டர் தட்டிய விரல்

அழித்துவிடலாம், இன்னும் ஒன்றும் குடிமுழுகிப் போய்விடவில்லை, அக்கா இன்னும் பார்க்கவில்லை, செய்தியின் ஓரத்தில் ரெண்டு டிக்கும் சாம்பல் நிறத்தில்தான் நிற்கின்றன, மவுஸை அதன்மேல் கொண்டுபோய் ஒரு அழுத்து, எல்லோருக்கும் அழி, அவ்வளவுதான்... ஆனால் அழித்தால் மட்டும் என்ன, 'இந்தச் செய்தி அழிக்கப்பட்டது' என்று ஒரு வரி பல்லைக் காட்டிக்கொண்டு நிற்குமே, அக்கா விடுவாளா, என்னடா அழிச்ச, எதுக்குடா அழிச்ச என்று தோண்டித் துருவிவிடுவாளே. ஹெட்போனில் டாக்டர் பாட்டுக்கு யாரோ ஒருவரின் முழங்காலைப் பற்றிச் சொல்லிக்கொண்டே போனார். அவர் சொல்லச் சொல்ல அறிக்கையாகத் தட்டிக் கொடுப்பதுதான் அவன் பிழைப்பு, வீட்டில் உட்கார்ந்தே. ஒரு காதில் டாக்டர், இன்னொரு காது எப்போதும் திறந்தே இருக்கும், அது பக்கத்து அறையில் படுத்திருக்கும் அம்மாவுக்கு. டாக்டரின் குரல் விழுந்தால் விரல் தானாக ஓடும், நடுவில் மூளைக்கு வேலையே இல்லை. அந்த விரல்தான் இன்றைக்கு ஆளைக் கவிழ்த்துவிட்டது.

எல்லாம் இந்த வசதியால் வந்த வினை. போன வாரம் மனைவிதான், சும்மா சும்மா போனை எடுத்து எடுத்து வைக்கிறீங்க, கழுத்து வலிக்குதுன்னு வேற புலம்பறீங்க, கம்ப்யூட்டரோட சேர்த்துட்டா அங்கேயே பார்த்து அங்கேயே பதில் போட்டுரலாம்ல என்று சொல்லி, திரையில் வந்த கறுப்பு வெள்ளைக் கட்டத்தைப் போனுக்குக் காட்டி இணைத்துக் கொடுத்துவிட்டு ஆபீசுக்குப் போனாள். நல்லாத்தான் இருந்தது, இன்று மத்தியானம் வரைக்கும். அறிக்கையின் ஓரத்தில் அக்கா எட்டிப் பார்த்தாள்: அம்மா அடுத்த மாசமும் உன்கிட்டயே இருக்கட்டும்டா, இங்க பெயிண்ட் வேலை இழுத்துக்கிட்டே போகுது. என்ன வீடோ அது, அரண்மனைக்குக்கூட இவ்வளவு நாள் பெயிண்ட் அடிக்க மாட்டார்கள். போனாக இருந்திருந்தால் கட்டைவிரலால் தடவித் தடவி 'சரிக்கா' என்று போட்டிருப்பான், அம்மா இங்கே வந்ததிலிருந்து அவன் போட்டதெல்லாம் அதுதான், சரிக்கா, பரவாயில்லக்கா, பார்த்துக்கறேன்க்கா. இன்றைக்கோ பத்து விரலும் கீபோர்டின்மேல் தயாராக இருந்தன, மனசு சொல்லச் சொல்லத் தட்டிக்கொண்டே போயின. அனுப்பவா எழுதினான்? சத்தியமாக இல்லை, ஆத்திரம் தீர எழுதி, துடைத்துவிட்டு, வழக்கம்போல சரிக்கா போட்டுவிடலாம் என்றுதான். ஆனால் ஒரு பத்தி முடிந்ததும் எண்டரைத் தட்டியே பழகின சுண்டுவிரல், அறிக்கையில் தட்டுகிற மாதிரியே இங்கேயும் தட்டித் தொலைத்தது. அறிக்கையில் தட்டினால் அடுத்த வரி வரும். இங்கே தட்டினால் போயே போச்சு.

முடியலக்கா, தூக்கமே இல்லக்கா, நீ வந்து கொஞ்ச நாள் கூட்டிட்டுப் போ... அதுவரைக்கும் சரி, யாரும் எழுதுவதுதான். அந்தக் கடைசி வரி? 'சில நாள் காலையில அம்மா ரூம் வாசல்ல நின்னு மூச்சுச் சத்தம் கேக்குதான்னு பார்க்கறேன், கேக்காம இருந்தா நல்லா இருக்குமேன்னு தோணுது.' ஐயோ, இதை யார் எழுதினது? மனைவியிடம்கூடச் சொன்னதில்லையே, தனக்குத்தானே முழுசாகச் சொல்லிக்கொண்டதில்லையே, அம்மாவுக்கு நகம் வெட்டிவிடுகிற கை, தலை வாரிவிடுகிற கை, இதையா எழுதும்? அழி, முதலில் அழி...

"டேய், கொஞ்சம் வெந்நீர் குடுடா."

எழுந்து போனான். ஹீட்டரில் தண்ணீர் கொதிக்கும்வரை நின்றான், ஆற்றினான், தூக்கி உட்காரவைத்துக் கொடுத்தான், முகத்தை மட்டும் பார்க்கவில்லை. "கண்ணெல்லாம் சிவந்து கெடக்கு, அந்தப் பெட்டியையே பார்த்துக்கிட்டு இரு, சாப்பிட்டியா இல்லியா?" என்றாள் அம்மா. சாப்பிட்டேம்மா என்று பொய் சொன்னான். அழித்துவிட்டு வந்திருக்கலாமே, ஒரு நொடி வேலை, ஏன் அழிக்கவில்லை? மறந்தா போனான்? இல்லை, அக்கா பார்க்கட்டும் என்று உள்ளுக்குள் ஏதாவது...? சீச்சீ. தலையணையைச் சரிசெய்துவிட்டு ஓட்டமும் நடையுமாகத் திரும்பி வந்தான்.

டிக் ரெண்டும் நீலமாகியிருந்தன. அக்கா எழுதுகிறாள் என்று காட்டியது, நின்றது, மறுபடி எழுதுகிறாள், மறுபடி நின்றது... என்ன எழுதுகிறாள், பெத்தவளைச் சாகச் சொல்றானே பாவி என்று சித்தப்பா, மாமா, சொந்தக்காரர்கள் அத்தனை பேருக்கும் அனுப்புகிறாளோ, இனி எந்த முகத்தை வைத்துக்கொண்டு அவர்கள் முன்னால் போய் நிற்பது? டாக்டர் முழங்காலை முடித்துவிட்டு யாருடைய தோள்பட்டைக்கோ போய்விட்டார். ஹெட்போனைக் கழற்றி வீசினான். கம்ப்யூட்டரும் போனும் ஒரே சமயத்தில் டிங் என்றன.

'என் வீட்டுல இருந்தப்ப எனக்கும் அப்படித்தான்டா தோணுச்சு. பயந்து போய்தான் உன்கிட்ட அனுப்பினேன். பெயிண்டும் இல்ல ஒண்ணும் இல்ல.'

அப்பாடா... நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது இறங்கின மாதிரி இருந்தது, சிரிப்புக்கூட வந்தது, நான் ஒருத்தன் மட்டும் இல்லை, அக்காவுக்கும்தான், அவளும் வாசலில் நின்றிருக்கிறாள், அவளும் காதைக் கொடுத்துக் கேட்டிருக்கிறாள். சரி, எனக்கும் அப்படி, அவளுக்கும் அப்படி. அம்மாவுக்கு இருக்கிறது நாங்கள் ரெண்டே பேர். அப்படியென்றால், காலையில் அவள் கண் விழிக்க வேண்டும் என்று நினைக்கிற ஆள்...?

"டிங்குன்னு கேட்டுச்சே, அக்காவாடா?" என்றாள் அம்மா உள்ளேயிருந்து. "என்னைப் பத்தி ஏதாவது கேட்டாளா?"