சார்ஜன்ட் சாரங்கன் தம்பதிகள்

மருமகள் நல்ல வெள்ளையா, கொஞ்சம் சிவந்த வெள்ளையா என்று சிவநேசம் தொலைபேசியில் கேட்டபோது குணேஸ்வரி உண்மையைத்தான் சொன்னாள்.

"நல்ல வெள்ளை."

"அப்ப கடும் பச்சை எடுப்பாயிருக்கும். மன்றத்தின்ர சார்பில ஒரு பட்டுச்சீலை குடுப்பமெண்டு இவர் சொல்லுறார். ஆள் உயரமோ?"

"ஆறடி வரும்."

"ஐயோ, சீலை கணுக்காலுக்கு மேல நிக்கப்போகுது. பரவாயில்லை, வெள்ளைக்காரியள் அப்பிடித்தான்."

குணேஸ்வரி தொலைபேசியை வைத்தாள். அந்த 'மருமகளின்' பெயர் டொமினிக். அதைப் பிரெஞ்சில் ஆணுக்கும் வைப்பார்கள், பெண்ணுக்கும் வைப்பார்கள். மொன்றியலில் பாதி வாழ்நாளைக் கழித்தும் சிவநேசத்துக்கு அது தெரியாது. சிவநேசத்தின் கணவர் விமலநாதனுக்கும் தெரியாது. அந்த வீட்டில் பிரெஞ்சு பொன்சூர் என்ற வணக்கத்தில் தொடங்கி மெர்சி என்ற நன்றியில் முடிந்துவிடும். கர்க்லாண்டில் இரண்டு கார் நிற்கும் வீடு வாங்கியவர்களுக்கு அதற்கு மேல் என்னத்துக்கு என்று அவர்கள் நினைத்திருக்கலாம்.

விமலநாதன் மேற்குத் தீவுத் தமிழ் மன்றத்தின் தலைவர். வேறு யாரும் அந்தப் பதவியைக் கேட்காததால் பல வருடங்களாக அவரே தலைவர். குணேஸ்வரியின் மகன் சாரங்கன் கனடியப் படையில் சேர்ந்த காலத்தில் அவர் ரொக்ஸ்பரோவிலுள்ள அவளுடைய வீட்டுக்கே வந்து, "தங்கச்சி, ஆமிக்கோ பிள்ளையைக் குடுத்தனீங்கள்? ஆமியெண்ட சொல்லையே எங்கட சனம் எப்பிடிக் கேட்கும்?" என்று துக்கம் விசாரித்துவிட்டுப் போனார். இப்போது சாரங்கன் சார்ஜன்ட். அரை வருடத்துக்கு லாத்வியாவுக்குப் படைப் பணியில் போகிறான். பிரெஞ்சுப் பத்திரிகை ஒன்றில் அவன் படம் வந்தது. பத்திரிகையில் வந்ததும் ஆமி என்ற சொல் மன்றத்துக்கு இனித்துப்போயிற்று. பாராட்டு விழா, பொன்னாடை, வீரம் பற்றிச் சிறப்புரை. உரை நிகழ்த்துபவர் விமலநாதன்.

அந்த வீரத்தை நினைத்தால் குணேஸ்வரிக்கு வாய் கோணும். ஊரில் சண்டைக்கென்று பொடியளைப் பிடிக்க ஆட்கள் வந்த காலத்தில் விமலநாதன் பெர்லின் வழியாக ஓடி வந்தவர். ஓடியதில் பிழையில்லை. அவளும் ஓடி வந்தவள்தான். ஓடி வந்து நின்ற பிறகு ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு நெஞ்சை நிமிர்த்துவதைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை.

ஆனால் சீலைக் கதை வந்தபோது அவள் வாயைத் திறக்கவில்லை. அதுதான் விசயம்.

சாரங்கனும் டொமினிக்கும் அஹுன்ட்சிக்கில் ஒரே வீட்டில் இருக்கத் தொடங்கி நான்கு வருடம். போன இலையுதிர் காலத்தில் பதிவுத் திருமணம் செய்துகொண்டார்கள். குணேஸ்வரி நீலப்பட்டு உடுத்துக்கொண்டு போய் முன்வரிசையில் இருந்தாள். திரும்பி வந்து தமிழர் ஒருவருக்கும் சொல்லவில்லை. பொய்யும் சொல்லவில்லை. யாராவது மகனைப் பற்றிக் கேட்டால் "அவையள் சுகமா இருக்கினம்" என்பாள். அவையள் சனிக்கிழமை வருவினம். அவையள் வீட்டுக்குப் பெயின்ற் அடிக்கினம். அவர் என்றும் இல்லை, அவ என்றும் இல்லை. எங்கள் பேச்சுத் தமிழில் அப்படி ஒரு வசதி உண்டு. கேட்டவர்கள் தங்களுக்குப் பிடித்த மருமகளை அந்தச் சொல்லுக்குள் வைத்துக்கொண்டார்கள்.

விழாவுக்கு அழைப்பு வந்தபோது சாரங்கன் தாயின் சமையலறையில் நின்றபடி சொன்னான். "மன்றத்துக்கு நீங்கள் சொல்லிப்போடுங்கோ அம்மா. நான் சொன்னால் பகிடியெண்டு நினைப்பினம். முகாமில நான் ஒருத்தருக்கும் ஒளிக்கிறதில்லை. எங்கட சனத்துக்கு முன்னால போய் நிண்டுகொண்டு ஒளிக்க எனக்கு ஏலாது. நீங்கள் சொன்னால் ரெண்டு பேரும் வாறம். இல்லாட்டி ரெண்டு பேரும் வரேல்லை. செவ்வாய்க்கிழமை நான் வெளிக்கிடுறன், மனக்குறையோட போகப்படாது."

"சொல்லுறன் தம்பி," என்றாள்.

சொன்னாள். விமலநாதனுக்குத் தொலைபேசி எடுத்து, "அவையள் வருவினம் அண்ணை," என்றாள்.

விழா ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், ரொக்ஸ்பரோவில் ஒரு பாடசாலை மண்டபத்தில். மேடையில் குத்துவிளக்கு. பின்பக்கம் நீளமேசையில் றோல்ஸ், கேக், தேத்தண்ணி. மன்றத்தின் விழாக்கள் எல்லாம் மங்கல விளக்கேற்றலோடுதான் தொடங்கும். விளக்கேற்றத் தம்பதிகளைத்தான் கூப்பிடுவார்கள். டொக்டர் தம்பதிகள், கணக்காளர் தம்பதிகள், வீடு விற்கும் முகவர் தம்பதிகள். புருசன் செத்த நாளிலிருந்து குணேஸ்வரியை ஒருவரும் விளக்கடிக்குக் கூப்பிட்டதில்லை. அதையும் மரியாதையாகத்தான் செய்தார்கள், அவள் பக்கம் பார்க்காமல் அடுத்த பெயரை வாசிப்பார்கள்.

சாரங்கன் சீருடையில் வந்தான். பக்கத்தில் கடும் நீல நிறக் கோட்டுப் போட்ட, தாடி வைத்த ஒரு நெட்டை மனிதன். சிவநேசம் சீலைப் பையோடு வாசலுக்கு ஓடி வந்தாள். இருவருக்கும் பின்னால் எட்டிப் பார்த்தாள்.

"மருமகள் காரை நிப்பாட்டிப்போட்டு வாறாவோ தம்பி?"

"வணக்கம் அன்ரி," என்று தாடிக்காரன் பழகிய தமிழில் கைகூப்பினான். "நான் டொமினிக்."

"ஓ, உங்கட பேரும் டொமினிக்கோ!" என்றாள் சிவநேசம். இரண்டு டொமினிக்குகள் வருவதாக அவள் ஒரு கணம் உண்மையாகவே நம்பினாள். பிறகு சாரங்கனின் விரலிலிருந்த மோதிரத்தைப் பார்த்தாள், தாடிக்காரனின் விரலைப் பார்த்தாள். சீலைப் பை மெதுவாக அவள் முதுகுக்குப் பின்னால் போயிற்று.

அடுத்த நிமிடம் எல்லோரும் பக்கத்து வகுப்பறைக்குள் இருந்தார்கள். விமலநாதன், பொருளாளர் தங்கராசா, சாரங்கன், டொமினிக், குணேஸ்வரி. சுவரில் குழந்தைகள் வரைந்த பனிமனிதர்கள். விமலநாதன் கதவைச் சாத்தினார்.

"இதென்ன கோதாரி தங்கச்சி?" என்றார் குணேஸ்வரியிடம். பிறகு குரலைத் தாழ்த்தி, பெரிய மனது வந்தவர்போலச் சாரங்கனின் தோளைத் தட்டினார். "தம்பி, நீங்கள் யோசியாதேங்கோ. எங்களால ஒண்டும் வெளியில போகாது. ஆமிக்குத் தெரிஞ்சால் உங்கட வேலைக்கே ஆபத்தெல்லோ. உங்கட மேஜர் வேற முன்வரிசையில இருக்கிறா. அந்தப் பயம் எனக்கு விளங்குது."

சாரங்கன் அவரை வியப்போடு பார்த்தான். "அங்கிள், ஆமிக்குத் தெரியும்."

"என்ன தெரியும்?"

"எல்லாம் தெரியும். மேஜர் பெலான்ஜே எங்கட கலியாணத்துக்கு வந்தவ. பாண் வாட்டுற ரோஸ்ரர் பரிசாத் தந்தவ. உங்களுக்குத்தான் தெரியாது."

தங்கராசா சிரிப்பை இருமலாக மாற்றினார். அவர் மட்டக்களப்புக்காரர், விமலநாதனின் உரைகளின்போது நித்திரை கொள்ளும் உரிமையை எப்போதோ எடுத்துக்கொண்டவர்.

விமலநாதன் விடவில்லை. "அது சரி தம்பி. அரசாங்கம் ஓமெண்டு சொல்லலாம். ஆனால் படையெண்டால் ஒரு ஒழுங்கிருக்கு. ஒரே கூடாரத்தில படுக்கிற ஆம்பிளையள். பக்கத்தில படுக்கிறவன் இப்பிடியெண்டு தெரிஞ்சால் மற்றவனுக்கு மனம் ஒருமாதிரி வராதே? படையில இருக்க வேண்டாமெண்டு நான் சொல்லேல்லை. இருங்கோ. அதை ஏன் வெளியில சொல்லவேணும்?"

"அண்ணை சாரணர் முகாமுக்கே போகாத ஆள்," என்றார் தங்கராசா பனிமனிதர்களைப் பார்த்து. "கூடாரத்தைப் பற்றி எவ்வளவு அறிஞ்சு வைச்சிருக்கிறார்."

"நீர் சும்மா இரும் தங்கராசா."

"பனிக்குள்ள கூடாரத்தில படுத்தால் மனம் ஒருமாதிரி வராது அங்கிள், கால்தான் விறைக்கும்," என்றான் சாரங்கன். "முந்தி நீங்கள் சொன்ன மாதிரித்தான் இஞ்சயும் வைச்சிருந்தவை. இருக்கலாம், சொல்லாதை. பிறகு ஆர் ஆரெண்டு தேடித்தேடி விசாரிச்சு, வீட்டுக்கு அனுப்பினவை. ஒளிச்சு வைச்சிருக்கிறவனை ஆரும் வெருட்டலாம். அவனை நம்பி எப்பிடிப் பக்கத்தில படுக்கிறது? அந்தச் சட்டத்தைத் தூக்கி எறிஞ்சு முப்பது வருசத்துக்கு மேலாச்சு. படை அப்பிடியேதான் நிக்குது."

விமலநாதன் கேட்டுக்கொண்டிருந்ததாகத் தெரியவில்லை. அவருக்கு ஒரு வழி தோன்றிவிட்டது. முகம் மலர்ந்தது.

"கூட்டாளி!" என்றார். "தம்பி தனிய விளக்கேத்தட்டும். இவர் கூட்டாளியெண்டு முன்வரிசையில இருக்கட்டும். கூட்டாளி எவ்வளவு நல்ல சொல்லு. ஆங்கிலத்தில பாட்னர் எண்டாலும் அதுதானே. பொய்யுமில்லை, பிரச்சினையுமில்லை."

சாரங்கன் தாயிடம் திரும்பினான். "அம்மா, நீங்கள் இவையளுக்குச் சொன்னனீங்கள்தானே?"

குணேஸ்வரி பதில் சொல்லுமுன் விமலநாதன் சொன்னார். "அம்மா பாவம், ஒண்டும் சொல்லேல்லை. அவையள் வருவினமெண்டு மட்டும் சொன்னவா."

சாரங்கன் கோபப்படவில்லை. அவன் கத்தியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். தொப்பியைக் கையிடுக்கில் வைத்துக்கொண்டு டொமினிக்கிடம் பிரெஞ்சில், "வா, போவோம்," என்றான். டொமினிக் குணேஸ்வரியைப் பார்த்தான். அவனுக்குத் தமிழ் முழுக்க விளங்காது, நடந்தது விளங்கிவிட்டது. இருவரும் வெளியே போனார்கள்.

"நல்லதாப் போச்சு," என்று விமலநாதன் மெதுவாகச் சொன்னார். "தம்பிக்கு அவசர அழைப்பெண்டு அறிவிப்பம். உங்கட மானமும் தப்பிச்சுது தங்கச்சி."

குணேஸ்வரி அந்த மனிதரை ஏறிட்டுப் பார்த்தாள். சலவை மடிப்புக் கலையாத வேட்டி. சால்வை. ஒரு நாளும் ஒன்றுக்கும் துணிந்திராத, நன்றாகக் கொழுத்த கைகள். இந்த ஆளை எத்தனை வருடமாக அவள் மனதுக்குள் இகழ்ந்து வந்திருக்கிறாள். இகழ்ந்துகொண்டே இந்த ஆளுக்குத்தான் பயந்தும் இருந்திருக்கிறாள். இவர் என்ன சொல்வார் என்று. இவர்! அவளுக்குத் தன்மேல் அருவருப்பு வந்தது.

அவள் மண்டபத்துக்குள் போனாள். மேடையருகில் நிகழ்ச்சியைத் தொகுத்து வழங்கும் றொஷினி ஒலிவாங்கியோடு நின்றாள்.

"அன்ரி, திருமதி டொமினிக் வந்திட்டாவோ?"

"திருமதி இல்லைப் பிள்ளை. திரு."

றொஷினி ஒரு கணம் விழித்தாள். பிறகு, "ஓ," என்றாள். இங்கே பிறந்த பிள்ளை. அவளுக்கு அந்த ஒரு ஓ போதுமாக இருந்தது. "அப்ப தமிழில எப்பிடிக் கூப்பிடுறது?"

"தம்பதிகளெண்டு. அந்தச் சொல்லில ஆம்பிளை பொம்பிளை எங்கயாவது எழுதியிருக்கே?"

றொஷினி யோசித்தாள். "இல்லை அன்ரி. ஆனால் நான் சொன்னால் விமலநாதன் அங்கிள்…"

"நீ சொல்லவேண்டாம். இஞ்ச தா."

குணேஸ்வரி வாழ்நாளில் ஒலிவாங்கியைத் தொட்டதில்லை. அதை வாய்க்கு மிகவும் கிட்டப் பிடித்தாள். மண்டபம் முழுக்க அவள் மூச்சு இரைந்தது.

"வணக்கம். நான் சாரங்கன்ர அம்மா. விளக்கேத்த சார்ஜன்ட் சாரங்கன், டொமினிக் தம்பதிகளைக் கூப்பிடுறன். டொமினிக் என்ர மருமகன். மருமகளெண்டு நீங்கள் நினைச்சிருந்தால் அது என்ர பிழை, நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை. இப்ப சொல்லிப்போட்டன். எழும்பிப் போகவேணுமெண்ட ஆக்கள் போகலாம். றோல்ஸ் பின்னுக்கு இருக்கு, எடுத்துக்கொண்டு போங்கோ."

நடுவரிசையில் ஒரு பெரியவர் விறைப்பாக எழுந்தார். பின்பக்கம் போனார். இரண்டு றோல்ஸை எடுத்துக்கொண்டு திரும்பி வந்து அதே கதிரையில் இருந்தார். இன்னும் சிலர் எழுந்தார்கள், றோல்ஸ் இருப்பதைக் கண்டார்கள், அவர்களும் இருந்துவிட்டார்கள். கொள்கைக்காக வெளியே போனது ஒரேயொரு குடும்பம்.

முன்வரிசையில் மேஜர் பெலான்ஜேக்குத் தமிழ் தெரியாது. சார்ஜன்ட் என்பதும் இரண்டு பெயர்களும் விளங்கின. எழுந்து நின்று கை தட்டினாள். சீருடையில் ஒரு வெள்ளைக்கார மேஜர் கை தட்டுகிறாள் என்றால் அது தட்ட வேண்டிய இடமாகத்தான் இருக்கும் என்று மண்டபம் முடிவு செய்தது. எல்லோரும் தட்டினார்கள்.

வெளிவாசலில் குளிர்க்கோட்டை மாட்டிக்கொண்டிருந்த சாரங்கனும் டொமினிக்கும் அம்மாவின் குரல் கேட்டுத் திரும்பி வந்தார்கள். டொமினிக்குக்கு எந்தத் திரியை ஏற்றுவது என்று தெரியவில்லை, சாரங்கன் அவன் கையைப் பிடித்துக் காட்டினான். இருவரும் மேடையைச் சுற்றி வந்தபோது சாரங்கன் தாயிடம் நின்றான்.

"பிந்திச் சொல்லியிருக்கிறீங்கள், அம்மா."

"ஓம்," என்றாள். அவன் அவளுடைய கையிலிருந்த ஒலிவாங்கியை வாங்கி றொஷினியிடம் கொடுத்தான். பிறகு அந்தக் கையை விடவில்லை.

அதற்குப் பிறகு விமலநாதன் பேசினார். எங்கள் மன்றம் என்றுமே முற்போக்கானது என்று தொடங்கினார். வீரத்துக்கு ஆண்பால் பெண்பால் இல்லை என்றார். கால்மணி நேரத்துக்கு முன் கதவைச் சாத்திக்கொண்டு ஒளிக்கச் சொன்ன அதே வாய். ஒரு சொல்கூடத் தடக்கவில்லை. கைதட்டல் எங்கே விழுகிறதோ அங்கே அவருடைய நெஞ்சு நகர்ந்துவிடும். அதை அவள் இன்றைக்குக் கண்ணால் கண்டாள். பச்சைப்பட்டு மேஜர் பெலான்ஜேக்குப் போனது. அவள் அதைக் கழுத்தில் சால்வையாகச் சுற்றிக்கொண்டாள்.

பிறகு படம் எடுக்கிறவர் கூப்பிட்டார். சாரங்கனும் டொமினிக்கும் போய் நின்றார்கள். விமலநாதன் இருவருக்கும் நடுவில் புகுந்து, ஆளுக்கொரு தோளில் கை போட்டு, "எங்கட பிள்ளையள்," என்று கமராவைப் பார்த்துச் சிரித்தார்.

குணேஸ்வரி மேடையேறினாள்.

"அண்ணை, கொஞ்சம் தள்ளி நில்லுங்கோ."

அவர் சிரிப்பைக் கலைக்காமல் ஓரடி நகர்ந்தார். "காணுமோ தங்கச்சி?"

"இன்னும்."

மறுபடி நகர்ந்தார். "எவ்வளவுக்கு?"

"படத்தில விழாத அளவுக்கு," என்றாள்.