ஆணி இல்லாத ஸ்டூல்

ஐந்தரைக்கு எழும்பினேன். வெளியே பீலிக் குழாயில் இரண்டு வாளி தண்ணீர் பிடித்தேன். அடுப்பு மூட்டித் தேத்தண்ணி ஊற்றினேன். மூன்று ரொட்டி சுட்டேன். மகள் லிதுஷாவை எழுப்பி, சீருடை போட்டு, தலை பின்னினேன். வழக்கம்போல இடது பின்னல் மெலிந்து போனது. அவளுக்கு ஆறு வயது.

பொங்கல் முடிந்து முதல் வெள்ளி அது.

"அப்பா, இன்னைக்கு ஏறலாம்னு சொன்னீங்க."

சொல்லியிருந்தேன். தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளில் ஒன்றான எங்கள் லயக்காம்பராவில் சாமித்தட்டு ஆறடி உயரத்தில் இருக்கிறது. என் மனைவி தனுஜா இருந்தவரை வெள்ளிக் காலையில் அவள்தான் விளக்கேற்றுவாள். பிறகு யாரும் ஏற்றவில்லை. கார்த்திகையில் ஒருநாள் நான் வேலை முடிந்து வந்தபோது, பிள்ளை வாளியைக் கவிழ்த்து, அதன்மேல் அரிசி டின்னை வைத்து ஏறி நின்றிருந்தாள். கையில் தீப்பெட்டி. கூப்பிட்டால் திரும்புவாள், திரும்பினால் விழுவாள். வாய் திறக்காமல் போய்த் தூக்கினேன்.

இவள் எப்படியும் ஏறுவாள். எதில் ஏறுவாள் என்பது மட்டும்தான் என் கையில் இருந்தது.

நான் ஸ்பிரிங்வெளிப் பாடசாலையில் தொழில்நுட்பம் படிப்பிக்கிற ஆசிரியன். ஆணி, பசை இல்லாமல் மரத்தோடு மரத்தைப் பொருத்துவது என் பாடம். ஸ்டூல் காலின் தலையைச் சீவிக் கழுந்து எடுக்க வேண்டும். பலகையில் அதற்கு அளவாகத் துளை. கழுந்தைத் துளையில் இறக்கி, அதன் தலையில் ஆப்பு அடித்தால் கழலாது. ஆனால் மரம் காய்ந்திருக்க வேண்டும். பச்சை மரம் சுருங்கும். இதைக் கரும்பலகையில் எத்தனை தடவை எழுதியிருப்பேன்.

மரத்துக்குப் பதுளையில் பஸீல் நானாவின் பழைய சாமான் கடைக்குப் போனேன். ஒரு பலாமரக் கதவு நிலையைத் தட்டினேன், முகர்ந்தேன், நகத்தால் கீறினேன், மறுபடி தட்டினேன்.

"சேர், மரம் வாங்க வந்தீங்களா, பொண்ணு பாக்க வந்தீங்களா?" என்றவர், சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டார். பிறகு மெதுவாக, "நாப்பது வருஷ நிலை சேர். இனி இதுல காயறதுக்கு ஒண்ணுமில்ல. ஆணி எவ்வளவு போடட்டும்?"

"வேணாம் நானா."

"பசை?"

"வேணாம்."

"அப்ப எதை நம்பி நிக்கும்?"

நான் காசை எண்ணிக் கொடுத்தேன்.

மூன்று கிழமை வேலை. முடிந்ததும் நானே ஏறிக் குதித்தேன். இரண்டு அரிசி மூட்டையை ஏற்றி வைத்தேன். சுருங்குவதானால் என் கண்முன் சுருங்கட்டும் என்று ஒரு கிழமை அடுப்போரம் வைத்தேன். கழுந்துக்கும் துளைக்கும் நடுவில் தாள் நுழைகிறதா என்று தினம் பார்த்தேன். நுழையவில்லை. பயம் போகவில்லை.

முன்பு நான் செய்த முதல் ஸ்டூலிலும், செய்த அன்று தாள் நுழையவில்லை. முந்தின வருஷத்து மார்கழி மழையில் தோட்டத்து நிழல் மரமான சபுக்கு ஒன்று சாய்ந்தது. விறகுக்கென்று வீட்டுக்கு வீடு பங்கு கொடுத்தார்கள். ஈர மரத்தில் உளி இலகுவாக இறங்கியது. ஒரே ஞாயிற்றுக்கிழமையில் முடித்து, லயம் முழுக்கத் தூக்கிக் காட்டினேன். தனுஜா அதை அடுப்படியில் போட்டு உட்கார்ந்துதான் சமைத்தாள். ஏழு மாதம் சூட்டில் காய்ந்தது. கழுந்து சுருங்கியது.

ஆடி இரண்டாம் வெள்ளி. தனுஜா விளக்கேற்ற அதில் ஏறினாள். ஸ்டூலின் ஒரு கால் கழன்றது. தலை அடுப்புத் திட்டில் பட்டது. ஆஸ்பத்திரியில் மூன்று நாள் கண்ணே திறக்கவில்லை, நாலாம் நாள் போய்விட்டாள். வழுக்கி விழுந்துவிட்டாள் என்றார்கள். கழன்ற காலை நான் அடுப்பில் வைத்து எரித்தேன். அவள் கடைசியாகப் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளச் சொன்னதாக என் மாமியார் எல்லோரிடமும் சொல்கிறார். நான் மறுப்பதில்லை.

இப்போது லிதுஷா புது ஸ்டூலில் ஏறினாள். நான் முழங்காலிட்டு இரண்டு கையாலும் ஸ்டூலைப் பிடித்தேன்.

"அப்பா, விடுங்க. ஆடுது."

"இறங்கு! உடனே இறங்கு!"

"ஸ்டூல் ஆடல. உங்க கைதான் ஆடுது. அதுதான் ஆட்டுது."

பார்த்தேன். உண்மைதான். விரலை ஒவ்வொன்றாக எடுத்தேன். ஸ்டூல் அசையாமல் நின்றது. தீக்குச்சி உரசும் சத்தம் கேட்டது. மேலே பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. அவள் பாதங்களையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பத்திருச்சு," என்றாள். "அப்பா, அம்மா கடைசியா என்னையப் பாத்துக்கச் சொன்னாங்களாமே, அப்படியா?"

அவளை இறக்கி, அதே ஸ்டூலில் உட்கார வைத்தேன்.

"இல்லம்மா. 'ஏங்க, வந்து பிடிங்க, ஆடுது'ன்னுதான் அம்மா சொன்னாங்க. நான் பேப்பர் திருத்திக்கிட்டு இருந்தேன். தலையத் தூக்கல. அது ஆடாதுன்னு சொல்லிட்டேன்."

"அதுக்கு அம்மா என்ன சொன்னாங்க?"

தனுஜா அப்போது சிரித்தாள். கேலி செய்யும்போது மட்டும், பள்ளிப் பிள்ளைகள் கூப்பிடுவதுபோல, என்னைச் 'சேர்' என்பாள்.

"சரிங்க சேர். நீங்க செஞ்சது, நீங்க சொன்னா ஆடாது."